என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள்: குறைமாதப் பிரசவம் பற்றி நான் தெரிந்துகொண்டவை

குறைமாதத்தில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள், குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னாலேயே "இன்னாமா துன்ன?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பப்பாளி துன்னியா, எள்ளுருண்டை துன்னியா, கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா, வண்டி பின்னாடி உக்காந்து போனியா, மாடிப்படி ஏறி துணி காயப்போட்டியா. வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் எனக்கு நடந்த விசாரணை கொஞ்சநஞ்சமல்ல. காசிமேட்டில் மீன் விற்கும் என் சின்ன ஆயா மட்டும்தான், "அத்தெல்லாம் வுடு, பால் இறங்குதா உனக்கு?" என்று கேட்டது.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. பிறந்தபோது 1.4 கிலோ. எம்.சி. ரோட்டில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன், கூட வேலை செய்யும் பெண்களில் யாராவது உண்டானால் மூன்றாம் மாதமே என்னிடம் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், "அக்கா, உனக்கு எப்படி ஆச்சு, எனக்கு ஆகாம இருக்க என்ன பண்ணணும்" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு மாதத்துக்கும் மேல் பச்சிளங்குழந்தைப் பிரிவு வாசலில் கிடந்தவள். டாக்டர்களையும் சிஸ்டர்களையும் விடாமல் கேள்வி கேட்டு, வீட்டுக்கு வந்தபிறகு தேடிப் படித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது இது.

முதலில் கணக்கு. நாம் மாதக் கணக்கு பேசுகிறோம், மருத்துவமனையில் வாரக் கணக்கு. கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியிலிருந்து 40 வாரம், அதில் 37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 32இலிருந்து 37க்குள் பிறப்பவைதான் அதிகம், அவற்றில் பெரும்பாலானவை கொஞ்சம் கூடுதல் கவனிப்போடு தேறிவிடும். 28க்கும் 32க்கும் நடுவில் என்றால் சுவாசத்துக்கும் சூட்டுக்கும் பாலுக்கும் உதவி வேண்டும், 28க்குக் கீழே போனால் பெரிய போராட்டம். தேதி சரியாக நினைவில்லாதவர்களுக்கு முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் நம்பகமான கணக்கு, பிந்தி எடுக்கிற ஸ்கேனில் அவ்வளவு துல்லியம் கிடையாது. அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தாய் சேய் நல அட்டைக்குள் சொருகி வையுங்கள், போட்டோ எடுத்து போனிலும் வையுங்கள். அவசரத்தில் போய் இறங்கினால் வாசலிலேயே கேட்பது "எத்தனை வாரம்?" என்பதுதான். என்ன ஊசி போடுவது, அங்கேயே வைத்துக்கொள்வதா, பெரிய இடத்துக்கு அனுப்புவதா எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தது. என் அத்தை (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்) "ஏழு முடிஞ்சு எட்டு டாக்டர்" என்று சொன்னதைக் கேட்டு அந்த டியூட்டி டாக்டருக்கு வந்த கோபம் இருக்கிறதே.

ஏழு, எட்டு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். "ஏழாம் மாசம் பொறந்தா தங்கும், எட்டாம் மாசம் பொறந்தா தங்காது" என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் மகள் எட்டில் பிறந்தாள். வார்டில் என் காதுபடவே ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், "எட்டாச்சே, பாவம்." அன்றைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த குழந்தை டாக்டரிடம் அழுதுகொண்டே கேட்டபோது அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான், 31 வாரக் குழந்தையைவிட 34 வாரக் குழந்தைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், இதில் ஒற்றைப்படை இரட்டைப்படை எதுவும் கிடையாது என்றார். இந்தப் பேச்சால் வருகிற கெடுதல் பயம் மட்டும் இல்லை. ஏழாம் மாதக் கடைசியில் வலி கண்டவளை, "ஏழுதானே, வந்தா வரட்டும்" என்று வீட்டில் படுக்க வைத்த குடும்பத்தை அதே வார்டில் பார்த்தேன்.

இது நமக்கு மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. உலகம் முழுக்கப் பத்துக் குழந்தைகளில் ஒன்று குறைமாதத்தில் பிறக்கிறது. 2020இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள், அதில் 30 லட்சம் இந்தியாவில். இத்தனை அம்மாக்களும் பப்பாளி தின்றிருக்க முடியாது. பழுத்த பப்பாளியை அளவாகச் சாப்பிட்டதால் பிரசவம் முந்தியது என்பதற்கு ஆதாரம் கிடையாது, மாடிப்படிக்கும் அப்படித்தான். தெரு கேட்கும் கேள்விகள் இவை. இதில் நாம் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டிருக்கும்போது, கேட்க வேண்டிய கேள்விகளை யாருமே கேட்பதில்லை.

கேட்க வேண்டியவை எவை என்றால், முந்தைய பிரசவம் குறைமாதமா? அப்படியென்றால் அடுத்ததும் ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், முதல் விசிட்டிலேயே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். இரட்டைக் குழந்தையா? இரட்டையில் பாதிக்கு மேல் 37 வாரம் தாண்டுவதில்லை. முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு? பிள்ளை பெற்ற ஆறு மாதத்துக்குள் மறுபடி உண்டானால் ஆபத்து கூடுகிறது, ஒன்றரை வருடமாவது விடச் சொல்கிறார்கள். ரத்தம் எவ்வளவு? கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை, தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது இருக்கிறது. அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குத் தருகிற பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக் இருக்கும், அதை அலமாரியில் வைத்துவிட்டு பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் மட்டும் காலி செய்கிற வீடுகள்தான் நிறைய. பிரஷர், சர்க்கரை, தைராய்டு இருக்கிறதா, கர்ப்பப்பை வாயில் முன்னால் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா, வீட்டில் யாராவது சிகரெட் பிடிக்கிறார்களா, இவள் புகையிலை, ஹான்ஸ் போடுகிறாளா, பல் ஈறில் வீக்கம் இருக்கிறதா. பதினெட்டு வயதுகூட ஆகாதவளா, முப்பத்தைந்தைத் தாண்டியவளா. வீட்டில் அடி உதை உண்டா என்பதும் இதில் சேரும், அதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

சிறுநீர்த் தொற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் கடைப் பெண்களின் வியாதி. கடையில் எங்களுக்கான கழிப்பறை மூன்றாவது மாடியில், தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்தில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொன்னால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்க மாட்டோம். காலையில் கிளம்பும்போது ஒரு காபி, அப்புறம் மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர். ஏப்ரல், மே வெயிலிலும் அதே கதைதான். தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டு நின்றால் கிருமி தங்கும். கர்ப்பத்தில் சிறுநீர்ப் பாதை தளர்ந்து சிறுநீர் தேங்குவதால் தொற்று சிறுநீரகம் வரை ஏறுவதும் எளிது. அந்த அழற்சியே கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டிவிடும். இதில் கொடுமை என்னவென்றால் எரிச்சல், காய்ச்சல் எதுவுமே இல்லாமலும் கிருமி இருக்கலாம். மாதாமாதம் டப்பாவில் பிடித்துக் கொடுக்கிறோமே, அதில் பெரும்பாலும் புரதமும் சர்க்கரையும்தான் பார்க்கிறார்கள். கிருமியைக் கண்டுபிடிக்க கல்ச்சர் என்று தனி டெஸ்ட், முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். "டாக்டர், யூரின் கல்ச்சர் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்று நாமே கேட்கலாம், தப்பில்லை. கிருமி இருந்தால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் இருக்கிறது, கொடுத்த கோர்ஸை முடித்துவிட்டு மறுபடி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். வெள்ளைப்படுதலில் நாற்றமோ நிறமாற்றமோ இருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

நிற்கிற வேலை பற்றியும் கேட்கிறார்கள். நாள் முழுக்க நிற்பது, கனம் தூக்குவது, ராத்திரி ஷிப்ட் இவற்றுக்கும் குறைமாதத்துக்கும் ஓரளவு தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன, பெரிய அளவில் இல்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, புதுச் சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால்! ஒரு மூத்த அக்கா தினமும் காலையில் அதை இழுத்துவந்து கவுன்டருக்கு உள்ளே போட்டு, உண்டாகி இருக்கிற பெண்ணை உட்கார வைப்பார். சட்டம் வேலை செய்வது இப்படி யாராவது இழுத்துப் போட்டால்தான்.

காற்றும் வெயிலும் உண்டு. மணலி, எண்ணூர் புகையும், எக்ஸ்பிரஸ் ரோட்டில் விடிய விடிய நிற்கும் கன்டெய்னர் லாரிகளும், கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் வருகிற நாற்றமும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நுண்தூசி அதிகமான காற்றைச் சுவாசிக்கும் ஊர்களில் குறைமாதப் பிறப்பு கூடுதல் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். வெயிலுக்கும் அப்படித்தான். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெக்கையில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. ஆனால் என் குழந்தை இந்தப் புகையால்தான் முந்திப் பிறந்தாள் என்று ஒரு டாக்டராலும் சொல்ல முடியாது. ஒரு ஊருக்குப் பொருந்துவதை ஒரு வயிற்றுக்குப் பொருத்த முடியாது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. ஏறத்தாழ பாதிப் பேருக்கு, தேடினாலும் தெளிவான காரணம் கிடைக்காது என்றும் சொன்னார்கள்.

சரி, என் விஷயத்தில் என்ன நடந்தது? வளைகாப்பு முடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கீழே நனைந்தது. சிறுநீர் என்றுதான் முதலில் தோன்றும், எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். ஆனால் அடக்கிப் பார்த்தாலும் நிற்கவில்லை, எழுந்தால் இன்னும் கொஞ்சம் வருகிறது, சிறுநீர் வாடை இல்லை, தண்ணீர் மாதிரி இருக்கிறது. அதுதான் பனிக்குட நீர் கசிவதன் அடையாளம். சினிமாவில் வருவதைப் போலக் குடம் உடைந்து கொட்ட வேண்டும் என்று இல்லை, சொட்டுச் சொட்டாகவும் கசியும். சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துப் பாருங்கள், அரை மணியில் நனைந்துகொண்டே இருந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான். பஞ்சு, டாம்பான் எதையும் உள்ளே வைக்கக் கூடாது. பச்சையாகவோ நாற்றத்தோடோ ரத்தத்தோடோ வந்தால் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள்.

நான் மாதாமாதம் காட்டிவந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தோம். எடுத்தவர், "வலி இல்லைன்னா படுத்துக்கோங்க, காலைல டாக்டர் வந்ததும் வாங்க" என்றார். வீட்டில் அத்தைக்கு மனசு ஆறவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், அப்போது கேட் வரிசையில் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார், வர முடியாது. அத்தை ஆட்டோ பிடித்து, குழந்தைகளுக்குத் தனி தீவிரப் பிரிவு உள்ள ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கே நேராகக் கூட்டிப்போனது. அந்த முடிவை அத்தை எடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதே இல்லை, யோசித்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். குறைமாதக் குழந்தையைப் பிறந்தபிறகு ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அம்மாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நல்லது என்று பின்னால் டாக்டர் சொன்னார். குழந்தையை ஊர் மாற்றுவதற்கு அம்மா வயிற்றைவிட நல்ல பெட்டி கிடையாதாம்.

அங்கே கருவி வைத்துப் பார்த்து, நீர்தான் என்று உறுதி செய்தார்கள். கையில் ஊசி குத்த இடம் வேண்டும் என்று ஒரு சிஸ்டர் வளைகாப்பு வளையல்களைச் சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றுகூட உடையாமல் கழற்றி, எண்ணி, கைக்குட்டையில் முடிந்து அத்தையிடம் கொடுத்தார். பிறகு டெக்சாமெத்தசோன் ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. இந்த ஊசி எனக்கு இல்லை, குழந்தையின் நுரையீரலுக்கு. நுரையீரலில் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்க ஒரு வழவழப்பான பொருள் சுரக்க வேண்டும், குறைமாதத்தில் அது போதாது, இந்த ஊசி அதைச் சீக்கிரம் சுரக்க வைக்கிறது. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டிகளில் இதைக் கவனித்து, ஹோவி என்பவரோடு சேர்ந்து மனிதர்களிடம் சோதித்து 1972இல் எழுதினார். விலை மிகக் குறைவான மருந்து, உலகம் முழுக்க எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது வேலை செய்ய நேரம் வேண்டும், பிரசவத்துக்கு ஒரு நாள் முன்னாலாவது தொடங்கினால் முழுப் பலன். காலையில் வாருங்கள் என்ற பேச்சைக் கேட்டு ஒரு ராத்திரி படுத்திருந்தால் அந்த ராத்திரிதான் போயிருக்கும்.

கூடவே கிருமித் தொற்று வராமலிருக்க ஆன்டிபயாடிக், வலி வந்தபிறகு குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பாக மெக்னீசியம் சல்பேட். அந்த மெக்னீசியம் ஏறும்போது அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி முகமெல்லாம் அனல் அடிக்கும், முன்கூட்டியே சொன்னதால் பயப்படவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு நீர் போகவில்லை, வலி மட்டும்தான், அவளுக்கு வலியைத் தள்ளிப்போட நிஃபெடிபின் மாத்திரை கொடுத்தார்கள். அதுவும் மாதக்கணக்கில் தள்ளிப்போட இல்லை, அந்த ஊசி வேலை செய்ய இரண்டு நாள் கிடைத்தால் போதும் என்றுதான். எதிர்க் கட்டிலில் இருந்தவளுக்கு வலியே இல்லை, பிரஷர் ஏறிவிட்டது, தலைவலி மண்டையைப் பிளக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். அவளுக்கு 33 வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எல்லாக் குறைமாதமும் தானாக வலி எடுத்து வருவதில்லை, அம்மாவையோ குழந்தையையோ காப்பாற்ற டாக்டர்களே முந்தி எடுப்பதும் உண்டு. கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம்தான், ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கினால், விடாத தலைவலி வந்தால், மேல் வயிற்றில் வலி வந்தால் உடனே பிரஷர் பார்க்க வேண்டும்.

ஊசி நான்கும் முடிந்த மறுநாள் அவள் பிறந்தாள். சத்தம் பூனைக்குட்டிச் சத்தம்கூட இல்லை. மூக்கில் காற்று அழுத்தும் கருவி மாட்டி, வார்மரில் வைத்தார்கள். நான் முதலில் பார்த்தபோது முகமே தெரியவில்லை, தொப்பியும் குழாயும் பிளாஸ்திரியும்தான் தெரிந்தது. பிறந்த எடையிலிருந்தும் முதல் சில நாள் குறையும், அது வழக்கம்தான் என்று யாரும் சொல்லாமல் விட்டால் பயந்து செத்துவிடுவோம், அதனால் சொல்லி வைக்கிறேன். திடீரென்று மூச்சை நிறுத்திக்கொள்வாள், மானிட்டர் அலறும், சிஸ்டர் வந்து உள்ளங்காலைச் சுண்டுவார், மறுபடி விடுவாள். அதற்குக் கஃபீன் மருந்து கொடுத்தார்கள். காபியில் இருக்கிற அதே சரக்குதான் என்றதும் என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டுப் புள்ளதான், காபி இல்லாம மூச்சு வுடாது" என்றார். அந்த வாசலில் நாங்கள் சிரித்த ஒரே தடவை அது.

அந்த நாட்களில் அம்மாவால் செய்யக்கூடியது இரண்டுதான், பாலும் தோலும். முதலில் வரும் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், கையால் பீய்ச்சி சிரிஞ்சில் பிடித்துக் கொடுக்க வேண்டும். "இவ்ளோதானா" என்று மனம் விட்டுவிடக் கூடாது, அந்த அரை மில்லிக்கே அவ்வளவு மதிப்பு. இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியிலும் பீய்ச்சினால்தான் பால் நிற்காமல் இருக்கும். தாய்ப்பால் குறைமாதக் குழந்தையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோயைத் தடுக்க உதவுகிறது. அம்மாவுக்குப் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பால் கிடைக்குமா என்று கேளுங்கள், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் வங்கி இருக்கிறது. முதலில் குழாய் வழியாக, பிறகு பாலாடையில். நம் பாட்டிகள் வைத்திருந்த அதே பாலாடைதான், ஸ்டீலில். நுனியைக் கீழ் உதட்டின் ஓரத்தில் வைத்து, அவள் நாக்கை நீட்டி இழுக்க இழுக்கச் சாய்க்க வேண்டும், நாமாக ஊற்றினால் புரை ஏறிவிடும். பாலாடை பிடிக்கக் கற்றுக்கொண்ட அன்றைக்குத்தான் நான் அம்மா என்று எனக்கே தோன்றியது.

தோல் என்றது கங்காரு முறையை. குழந்தையை வெறும் உடம்போடு, டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு, நம் மார்போடு மார்பாகச் சேர்த்துக் கட்டிக்கொள்வது. கொலம்பியா நாட்டில் போகோட்டா நகரத்தில் 1978இல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஆரம்பித்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம், குழந்தை முழுதாகத் தேறும் வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே தொடங்கச் சொல்கிறது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் சேர்ந்த ஓர் ஆய்வில், அப்படி உடனே தொடங்கிய குழந்தைகளில் இறப்பு கால் பங்கு குறைந்தது, 2021இல் வந்தது அது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தவரை அதிகமாக. அம்மாதான் செய்ய வேண்டும் என்று இல்லை, அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். என் வீட்டுக்காரர் முதல் நாள் கூச்சப்பட்டுச் சட்டையைக் கழற்றவே பத்து நிமிஷம் ஆக்கினார். பிறகு டியூட்டி முடிந்து குளித்துவிட்டு நேராக வந்து, "குடு, நான் வச்சிக்கிறேன், நீ துன்னுட்டு வா" என்று வாங்கிக்கொள்வார்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் கண் பரிசோதனை தேதி இருக்கும், அதைத் தவறவிட்டால் வாழ்க்கை முழுக்க நஷ்டம். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்து பார்வையே போகலாம், வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், ரொம்பக் குட்டிக் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். சமயத்தில் கண்டுபிடித்தால் லேசர் போன்ற சிகிச்சைகளில் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். காது பரிசோதனையும் அப்படியே. தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படி போட வேண்டும், ஆனால் தலை நின்றதா, கவிழ்ந்ததா, உட்கார்ந்ததா என்பதை எதிர்பார்த்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஒன்பது வாரம் முந்தி வந்தவள் ஒன்பது வாரம் பின்னால்தான் கவிழ்வாள். எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு, "இன்னும் உக்காரலியா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அத்தைக்கே இந்தக் கணக்கு மனப்பாடம்.

கர்ப்பிணிகள் மனதில் வைக்க வேண்டிய அறிகுறிகள் பெரிய பட்டியல் இல்லை. வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விடுவது, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் அடிக்கடியோ ஒழுங்காக வந்தால் வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். விட்டு விட்டு வரும் இடுப்பு வலி, மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிற்று வலி, குழந்தை கீழே அழுத்துவதுபோல் கனம், நீர்க் கசிவு, ரத்தத் திட்டு, குழந்தை அசைவு குறைவது. சும்மா வந்து போகும் பொய்வலியாகவும் இருக்கலாம், பரவாயில்லை, பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பட்டும். 108க்கு அடித்தால் வண்டி வரும். எந்த மருத்துவமனையில் குறைமாதக் குழந்தையைப் பார்க்கும் வசதி இருக்கிறது என்று ஆறாம் மாதத்துக்குள் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், போகிற வழியில் ரயில்வே கேட் உண்டா என்பதையும் சேர்த்து. கொருக்குப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன், ஐந்து மாதம். முன்னால் குறைமாதம் என்பதால் இந்த முறை ஆரம்பத்திலேயே யூரின் கல்ச்சர் எடுத்தார்கள், பதினாறாவது வாரத்திலிருந்து கர்ப்பப்பை வாயின் நீளத்தை உள்வழி ஸ்கேனில் அளக்கிறார்கள். அந்த ஸ்கேன் வலிக்காது, குழந்தைக்கும் கெடுதல் இல்லை. 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ராத்திரியில் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை, சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல். அந்தத் தையலில் பேர்பெற்ற ஒரு முறையை 1955இல் எழுதியவர் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர், இன்றைக்கும் உலகம் முழுக்க அவர் பெயரில்தான் வழங்குகிறது. எனக்குப் போன வாரம் 34 மில்லிமீட்டர், ஆனாலும் முன்னால் குறைமாதம் என்பதால் மாத்திரை மட்டும் தொடர்கிறது. "முழுசா படுத்தே இருக்கட்டுமா?" என்று அத்தை கேட்டதற்கு, படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போகும் என்று நிரூபணம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும், நடக்கட்டும், கனம் தூக்க வேண்டாம் என்றார் டாக்டர்.

வளைகாப்பை இந்தத் தடவை ஐந்திலேயே போட்டுவிட வேண்டும் என்று அத்தை, ஒன்பதில் போடலாம் என்று அம்மா. வளையலுக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்லை என்று எவ்வளவு சொன்னாலும் இரண்டு பேரும் கேட்பதாக இல்லை. நான் அடுத்த ஸ்கேன் தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, அன்றைக்கு வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.